முட்டி வலிக்கிறது, ஓட்டத்தை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 42 வயது. கோவையில் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. பகல் முழுக்க நாற்காலிதான். எடை 74 கிலோ. சித்திரை மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. "மாத்திரை இப்போது வேண்டாம், உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். கொஞ்ச நாள் நடந்துவிட்டு, அலுவலகத் தோழிகளோடு ரேஸ்கோர்ஸில் ஜாகிங் தொடங்கினேன். முதலில் ரொம்ப மூச்சு வாங்கியது. ஐந்தாறு வாரத்தில் அது போய்விட்டது. அந்த உற்சாகத்தில் தினமும் இரண்டு சுற்று, ஏறக்குறைய 5 கிலோமீட்டர், விடாமல் ஓடினேன். இப்போது ஒரு மாதமாக இரண்டு முட்டியும் வலிக்கிறது, வலதில் அதிகம். ஓடும்போதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது மாடி வீட்டிலிருந்து படி இறங்கும்போதும், வாசலில் கோலம் போடக் குந்தும்போதும், பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் சில்லைச் சுற்றி வலி. வீக்கம் இல்லை. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரைக்கு அடங்குகிறது, மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. என் அத்தைக்கு இரண்டு மூட்டும் மாற்றியிருக்கிறோம். "இந்த வயசுல ஓடி எதுக்கு முட்டியத் தேய்ச்சுக்கற?" என்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா? ஜவ்வு வளர மாத்திரை சாப்பிடலாமா? ஷூவை மாற்ற வேண்டுமா? டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எல்லோருமாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். போகலாமா?

– வாசகி, கோவை

பதில் (விளையாட்டுக் காயங்களுக்கான பிசியோதெரபிஸ்ட்): ஓட்டத்தை விட வேண்டாம். ஆனால் இப்போது ஓடுகிற அளவு உங்கள் முட்டிக்குக் கட்டாது. அதைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள், நாளைக் காலையிலிருந்தே.

கடிதத்தை வைத்துக்கொண்டு முட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனாலும் படி இறங்கும்போது, குந்தும்போது, நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது என்று நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: முட்டிச் சில்லும் அதன் பின்னால் இருக்கும் தொடை எலும்பும் சேருமிடம். சில்லு அந்த எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் நகர்கிறது. காலை மடக்கிய நிலையில் உடலின் எடையைத் தாங்கும்போது தொடையின் முன்தசை சில்லை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. அதனால்தான் சமதரையில் நடக்கும்போது பேசாமல் இருக்கும் முட்டி, படியில் இறங்கும்போது முனகுகிறது. புதிதாக ஓட வந்தவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த வலியைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. வலி முட்டியின் வெளிப்பக்கம், அதுவும் குறிப்பிட்ட தூரம் ஓடியதும் கத்தி போல் குத்தினால் அது தொடையின் வெளியோரமாக இறங்கும் பட்டையின் தொல்லை. சில்லுக்கு நேர் கீழே விரல் வைத்துக் காட்ட முடிந்தால் தசைநாண். உங்களுடையது இரண்டும் இல்லை என்றே தோன்றுகிறது.

ஏன் வந்தது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஐந்தாறு வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றது. உடனே தினமும் 5 கிலோமீட்டர். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் குருத்தெலும்பும் எலும்பும் பழக மாதக்கணக்கு ஆகும். மூச்சு சரியானதும் காலும் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் அடிகள். இதை வாரத்தில் ஏழு நாளும், ஒருநாள்கூட ஓய்வில்லாமல், இருபது வருடம் நாற்காலியில் இருந்த கால்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அத்தை சொல்வதைப் பார்ப்போம். முட்டி என்ன சைக்கிள் பிரேக் கட்டையா, உரச உரசத் தேய? அது உயிருள்ள திசு. அளவான சுமை விழுந்தால் உறுதிப்படும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஒரு தொகுப்பு வெளியானது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். இதை வைத்து 'ஓடினால் மூட்டு தேயாது' என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே ஓட்டத்தைத் தொடர்வார்கள், அதுவும் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும். ஆனால் உங்களைப் போல் ஓடுகிறவருக்கு ஓட்டமே எதிரி என்பதற்கு அதில் இடமில்லை. அத்தையின் மூட்டுக்கு வயது, எடை, பழைய அடி, பரம்பரை என்று பல காரணங்கள் இருக்கலாம். அவர் மாமியார் மட்டும்தானா, அப்பாவின் தங்கையுமா என்று நீங்கள் எழுதவில்லை. சொந்தத்தில் கட்டியிருந்தால் பரம்பரைக் கணக்கு உங்களையும் கொஞ்சம் தொடும். அப்போதும் செய்ய வேண்டியது மாறாது.

இனி எப்படி ஓடுவது? ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். முதல் இரண்டு வாரம் 4 நிமிடம் வேகநடை, 1 நிமிடம் மெல்லோட்டம் என்று ஆறு முறை. வலி கூடவில்லை என்றால் 3 நிமிடம் நடை, 2 நிமிடம் ஓட்டம். அடுத்து 2க்கு 3. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம் இருங்கள். ஏற்கெனவே 5 கிலோமீட்டர் ஓடியவளுக்கு இது அவமானம் என்று தோன்றும். தோழிகள் முன்னால் போய்விடுவார்கள், போகட்டும். நடையும் ஓட்டமும் கலந்து 5 கிலோமீட்டருக்கு அழைத்துப்போகும் உலகப் புகழ்பெற்ற ஒன்பது வாரத் திட்டத்தை 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் எழுதினார். ஐம்பதைக் கடந்த தன் தாயும் ஓடத் தொடங்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான்.

அளவு சரியா என்பதை முட்டியிடமே கேட்கலாம். வலியே இல்லாததைப் பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மூன்று வரை வந்தால் பயமில்லை. மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாள் இருந்த நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதைவிட அதிகமாக வலித்தால் நேற்று ஓடியது கூடுதல். ஒரு படி பின்னே வாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்தக் கேள்விக்குப் பொய்யான பதில்தான் வரும். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சர்க்கரையின் வாசலில் நிற்கும் நீங்கள் சிறுநீரகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியவர். தாங்க முடியாத நாளில் அதே மருந்தின் ஜெல்லைத் தடவலாம். ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். துணியில் சுற்றிய ஐஸைப் பதினைந்து நிமிடம் வைத்தாலும் நோவு தணியும். இரண்டும் அன்றைக்கான ஆறுதல், அவ்வளவே.

உண்மையான மருந்து தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது. இந்த வலிக்கு இன்றைய மருத்துவப் பரிந்துரைகள் முதலிடம் கொடுப்பது இந்த இரண்டு இடத்துத் தசைகளையும் சேர்த்துப் பலப்படுத்தும் பயிற்சிக்குத்தான். வீட்டில் நிலைக்கண்ணாடி இருக்குமே, அதன் முன் ஒற்றைக் காலில் நின்று லேசாக முட்டியை மடக்கிப் பாருங்கள். முட்டி கட்டைவிரல் பக்கமாக உள்ளே சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனம். வங்கி நாற்காலியில் இருந்தே வேலை செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு இது சாயும்.

ஓடாத நாட்களில், வாரம் மூன்று தடவை இவற்றைச் செய்யுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணி மெல்ல உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. வலித்தால் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டியபடி சற்றுப் பின்பக்கமாகத் தூக்கி இறக்குங்கள், பக்கத்துக்குப் பதினைந்து. இது சுலபம்போல் தெரியும், பத்துக்கு மேல் இடுப்பு எரியும். மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, வீட்டிலேயே தாழ்வான ஒரு படியில் நின்று ஒரு காலால் மெல்லத் தரைக்கு இறங்கிப் பழகுங்கள், முட்டி உள்ளே சாயாமல். இதுதான் மிக முக்கியமானது, மிகவும் அலுப்பூட்டுவதும் இதுதான். ஆறு வாரத்தில் படி இறங்குவது இலகுவாகும். பலம் நிலைக்க மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு 'பிசியோதெரபி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

ஓடும் விதத்திலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். காலை எட்டிப் போடாமல் அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வில், அதே வேகத்தில் ஓடிக்கொண்டே அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டியபோது முழங்கால் வாங்கிக்கொள்ளும் சுமை தெளிவாகக் குறைந்தது. வலது கால் தரையைத் தொடுவதை அரை நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். 150 வந்தால் 160க்கு முயலுங்கள். எல்லோருக்கும் 180 என்று ஒரு எண் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை விடுங்கள். ரேஸ்கோர்ஸில் எப்போதும் ஒரே திசையில் சுற்றுகிறீர்களா? வாரத்தில் ஒருநாள் எதிர்த்திசையில் போய்ப் பாருங்கள்.

ஷூ அடிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தாலோ, விரல் நெருக்கினாலோ மாற்றுங்கள். போட்டுப் பார்த்துச் சுகமாக இருப்பதை வாங்கினால் போதும். முட்டி வலிக்கென்றே விற்கும் பத்தாயிரம் ரூபாய் ஷூ தேவையில்லை. கோலத்தைக் குந்திப் போடாமல், ஒரு மாதம் இடுப்பை வளைத்து நின்றபடி போடுங்கள். ஊர்ப் பாட்டிகள் பலர் அப்படித்தான் போடுவார்கள். தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முடிந்தால் வெஸ்டர்ன் கழிப்பறை. வலி தணிந்ததும் எல்லாவற்றுக்கும் திரும்பலாம், திரும்பவும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். 50 வயதைக் கடந்த 991 பேரைப் படமெடுத்த அமெரிக்க ஆய்வொன்று 2008இல் வந்தது. ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. படத்தில் ஏதாவது ஒரு கிழிசல் தெரிந்து, அதைப் பார்த்துப் பயந்து நீங்கள் படுத்துவிடுவதுதான் நடக்கும். ஜவ்வு மாத்திரை என்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டினைத் தேய்மானம் உள்ள 1,583 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. மொத்தத்தில் வெறும் மாத்திரையைவிட அவை மேலாக வேலை செய்யவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்கலாம். நான்கைந்து கிலோ எடை குறைந்தாலும் முட்டிக்குப் பெரிய விடுதலை: தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் செய்த அளவீட்டில், ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் சுமை நான்கு கிலோ குறைந்தது. சர்க்கரைக்கோ, நீங்கள் ஓடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேகநடையும் மேலே சொன்ன தசைப் பயிற்சியும் சேர்ந்தாலே நல்ல பலன் உண்டு. ஓட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அது போதுமான காரணம்.

முட்டி திடீரென்று வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது மடங்கி விழப் பார்த்தாலோ, இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் ஓர் இடத்தை அழுத்தினால் உயிர்போகும் வலி என்றால், எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். இவை எதுவும் இல்லை, ஆனால் ஆறு வாரமாகியும் மாற்றம் தெரியவில்லை என்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்கட்டும். கோவை அரசு மருத்துவமனையிலும் அதற்கான பிரிவு இருக்கிறது.

டிசம்பர் ஓட்டம். பெயரை எடுக்க வேண்டாம். நவம்பர் நடுவில் நடையும் ஓட்டமுமாக 7 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். மறுநாள் காலை படி இறங்கும்போது முட்டி அமைதியாக இருந்தால் 10 கிலோமீட்டருக்கும் அதேபோல், நடுநடுவே நடந்து, போகலாம். இல்லையென்றால் 5 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று நடத்துகிறவர்களிடம் இப்போதே கேட்டுவையுங்கள். கடைசி வாரத்தில் பெரும்பாலும் மாற்ற விடமாட்டார்கள்.