வாகனத்தின் வயரை வெட்டும் எலியும் வியாபாரியின் கணக்கும்

வியாபாரத்தில் நட்டம் என்றதும் வராத கடன், திரும்பி வந்த காசோலை, விலை இறங்கிய சரக்கு என்பனவே நமது நினைவுக்கு வருகின்றன. இரவில் நிறுத்திய வேன் காலையில் ஸ்டார்ட் ஆகாததனால் வரும் நட்டத்தை எவரும் தனியாக எழுதுவதில்லை. அது 'வாகனத் திருத்தச் செலவு' என்ற தலைப்பின் கீழ் மறைந்து போகின்றது. எனக்குத் தெரிந்த வியாபாரிகளிடம் அந்தச் செலவைப் பிரித்துக் கேட்டபோது, எலி வயரை வெட்டிய கதை திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே இவ்வாரம் அதனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நண்பர் ஒருவர் புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கின்றார். நகருக்கு வெளியே அவருக்கு ஒரு ஸ்டோர் இருக்கின்றது. விநியோக வேனை இரவில் ஸ்டோர் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒருநாள் சுபஹ் தொழுகைக்குப் பின்னர் சரக்கு ஏற்றி முடித்து சாவியைத் திருப்பினால் வேன் அசையவில்லை. பெற்றரி இறங்கிவிட்டது என்று எண்ணி வேறொரு பெற்றரியைப் பொருத்திப் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை. பிறகு வந்த கராஜ் பாஸ் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், பெற்றரியில பிழை இல்ல. எலி வேலை காட்டியிருக்கு" என்றார்.

வெட்டுப்பட்ட வயர் இரண்டு அங்குலம் கூட இல்லை. அதற்குரிய வயரின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் கட்டாகப் போகும் வயர்களுக்குள் எது எது வெட்டுப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் சென்றது. அந்த நாட்களுக்குக் கூலி லொறி பிடிக்க வேண்டியதாயிற்று. ஏற்றிய சரக்கை இறக்கி மறுபடியும் ஏற்ற நாட்டாமிமாருக்கு இரட்டைக் கூலி. இதற்கிடையில் வழமையான கடைக்காரர் ஒருவர் அவசரத்துக்கு வேறொருவரிடம் சரக்கு எடுத்தார். அதன் பிறகு பாதிக் கொள்வனவை அங்கேயே வைத்துக்கொண்டார். திருத்தச் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும். போன வாடிக்கையாளரின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எலிக்கு வயர் உணவல்ல. எலியின் முன்பற்கள் அதன் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்க்க வேண்டியது அதற்குக் கட்டாயம். பலகையோ, பிளாஸ்டிக்கோ, இறப்பர் குழாயோ எல்லாம் அதற்கு ஒன்றுதான். தற்காலத்து வயர்களின் மேலுறையில் சோயா கலந்திருப்பதனாலேயே எலி வருகின்றது என்று சிலர் உறுதியாகச் சொல்கின்றார்கள். அமெரிக்காவில் இதனை வைத்து வாகனக் கம்பனிகள் மீது வழக்கும் தொடர்ந்தார்கள். ஆனால் சோயாவைப் பற்றி யாரும் பேசாத காலத்திலும் நமது பழைய லொறிகளின் வயர்களை எலி விட்டுவைத்ததில்லை. குளிர் நாடுகளில் எஞ்சின் சூட்டைத் தேடி வருகின்றது என்பார்கள். நுவரெலியாவுக்கு அது பொருந்தலாம். கொழும்பிலும் கிழக்கிலும் எலிக்குச் சூட்டில் என்ன குறை? இங்கே அது தேடுவது மழைக்கு ஒதுங்கும் இடம், இருட்டு, பூனைக்கு எட்டாத ஒரு மூலை. இவை மூன்றும் பொனட்டுக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே அரிசியும் பருப்பும் கருவாடும் இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

இதனால்தான் வாகனத்தைக் காப்பாற்றும் வேலை வாகனத்தில் அல்ல, அதனை நிறுத்தும் இடத்தில் தொடங்க வேண்டும் என்கிறேன். ஸ்டோர் சுவரை ஒட்டி வேனை நிறுத்தாதீர்கள். எலி திறந்த வெளியைக் குறுக்கறுக்க விரும்பாது, சுவரோரமாகவே ஓடும். சுவரிலிருந்தும், பழைய சாக்கு, காட்போட் பெட்டி, விறகு, பற்றை என்பவற்றிலிருந்தும் சில அடி தள்ளி, கொங்கிரீட் போட்ட வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். சரக்கு இறக்கிய பின்னர் வேனின் பின்பகுதியைக் கூட்டாமல் விடுவது நம்மவரிடம் உள்ள கெட்ட பழக்கம். சிந்திய ஒரு பிடி அரிசி ஒரு எலிக்குப் பல நாட் சாப்பாடு. சாரதியின் ஆசனத்துக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் துண்டும் சோற்றுப் பார்சல் கடதாசியும் அப்படித்தான். ஸ்டோர்க் கதவின் கீழ் இடைவெளியையும் பாருங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர், அதாவது கால் அங்குலம் போதும். பெரிய எலிக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். கதவடியில் தகரப் பட்டி அடிப்பதற்கு ஆகும் செலவு ஒருதடவை வயர் திருத்தும் செலவை நெருங்காது.

ஓடாமல் நிற்கும் வாகனமே கூடுதலாக அகப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போதும், 2022ஆம் ஆண்டு பெற்றோல், டீசல் தட்டுப்பாட்டின்போதும் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற வாகனங்களுக்குள் எலிகள் குட்டி போட்டதைப் பலர் கண்டிருப்பீர்கள். இரண்டாவது வாகனம் வைத்திருப்போர் அதனை ஒருநாள் விட்டு ஒருநாளாவது வெளியே எடுக்க வேண்டும். கராஜ் கதவு பூட்டிய இடமானால் இரவில் பொனட்டைத் திறந்து வைக்கலாம். இருட்டு குறைந்தால் எலிக்கு அந்த இடம் பிடிக்காது. ஏசி உள்ள வாகனமானால் நிறுத்தும்போது காற்று உள்ளே சுழலும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான வாகனங்களில் வெளிக்காற்று வரும் வழி அதனால் மூடப்படும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள அந்த வழியால்தான் சுண்டெலி ஏசி விசிறிக்குள் போய்க் கூடு கட்டுகின்றது. அங்கே கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையைப் பொருத்தித் தரும்படி கராஜில் கேட்கலாம். வலை பெற்றரி முனையிலோ, பெல்ட்டிலோ, புகைக் குழாயிலோ பட்டுவிடக் கூடாது.

கடைகளில் விற்கும் பரிகாரங்களுக்கு வருவோம். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவி என்று ஒன்று விற்கின்றார்கள். இத்தகைய கருவிகளை விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாத விளம்பரம் செய்ய வேண்டாம் என அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2001ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை அனுப்பியது. முதலில் பயந்தாலும் சில நாட்களில் எலி அந்த ஒலிக்குப் பழகிவிடுகின்றது. பூச்சி உருண்டையின் மணம் திறந்த இடத்தில் நிற்பதில்லை. மாறாக அந்த நஞ்சு ஏசி வழியாக வாகனத்துக்குள் வரும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பதை எவர் சொல்லிக் கொடுத்தாரோ தெரியாது. அது இறப்பரையும் கெடுக்கும், தீக்கும் வழி வகுக்கும். மிளகாய்த் தூள் தூவுவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஹொண்டா நிறுவனமே மிளகாயின் காரச் சத்து சேர்த்த ஒரு நாடாவை வயரில் சுற்றுவதற்கென விற்கின்றது. ஆனால் தூவிய தூள் முதல் மழையிலேயே போய்விடும். நாடாவும் சுற்றிய இடத்தை மட்டுமே காக்கும்.

பொறிதான் இன்றும் நம்பத்தக்கது. சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்து, சுவரோரமாக, வாய் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். நஞ்சு வைத்தால் எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சென்றே சாகின்றது. டேஷ்போட்டுக்குள் போய்ச் செத்தால் நாற்றத்துக்காகவே முழுவதையும் கழற்ற நேரிடும். உணவுச் சரக்கு உள்ள ஸ்டோரில் நஞ்சு வைப்பது வேறொரு பெரும் பிரச்சினை. பூனை வளர்ப்போர் ஒன்றை மறக்க வேண்டாம். பெரிய பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் ஒதுங்கிவிடும். அத்தோடு பூனையும் பொனட்டுக்குள் படுக்கும். எனவே ஸ்டார்ட் பண்ணுமுன் பொனட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

தினமும் காலையில் பொனட்டைத் திறந்து இரண்டு நிமிடம் டோர்ச் அடித்துப் பார்க்கச் சாரதியைப் பழக்குங்கள். பெற்றரித் தட்டில் புழுக்கை, கிழிந்த ஸ்பொஞ்சுத் துணுக்கு, உமி, கொறித்த தேங்காய்ச் சிரட்டை ஆகியன கிடந்தால் அது முதல் அறிவித்தல். செம்பு தெரியும்படி வயர் உரிந்திருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. பெற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு பாஸை அழையுங்கள். எலி எரிபொருள் இறப்பர் குழாயையும் கடிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கசியும் பெற்றோலும் உரிந்த வயரும் ஒரே இடத்தில் இருந்தால் என்னாகும்? உறங்குமுன் விளக்கை அணைக்காவிட்டால் எலி திரியை இழுத்து வீட்டாரோடு வீட்டை எரித்துவிடும் என்ற எச்சரிக்கை ஹதீஸில் வந்திருப்பதை நாம் அறிவோம். திரி போய் வயர் வந்திருக்கின்றது, அவ்வளவுதான். ஹைபிரிட் வாகனம் வைத்திருப்போர் ஆரஞ்சு நிற வயர்களில் கை வைக்கவே கூடாது. அதில் ஓடுவது உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம். அதற்குப் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும்.

திருத்தும்போது வெறும் முறுக்கும் கறுப்பு டேப்பும் போதாது. ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போடும்படி சொல்லுங்கள். முழு வயர்க் கட்டும் போயிருந்தால் பஞ்சிகாவத்தையில் பாவித்ததைத் தேடலாம். ஆனால் அதே மொடல், அதே வருடம், அதே எஞ்சின் என்று பழைய கட்டின் சொக்கட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுங்கள். திருத்திய பின் எஞ்சின் பகுதியைக் கழுவித் துடைக்காமல் விட்டால், முந்திய எலியின் சிறுநீர் மணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும். கழுவும்போது மின்சாரப் பெட்டிகளை பொலித்தீனால் மூட வேண்டும். வேகத் தண்ணீர் அடிக்கக் கூடாது.

கூட்டை வெறுங் கையால் அள்ள வேண்டாம். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு வந்ததாகப் பதிவானது. கையுறை போட்டு, குளோரின் கலந்த தண்ணீரால் நனைத்து, சற்று நேரம் விட்டு அள்ள வேண்டும். வேலை செய்யும் பையனின் கையில் வெட்டுக் காயம் இருந்தால் அந்த வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகக் காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்போருக்கு எலி செய்த சேதத்துக்கு ஒரு சதமும் வராது. முழுமையான காப்புறுதி வைத்திருப்போரும் வருமென்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வித்தியாசம் உண்டு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, எலி போன்ற பிராணிகளால் வரும் சேதமும், அதனால் பிடிக்கும் தீயும் அடங்குமா என்று இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்ப்பேச்சில் நின்றுவிடாமல் கம்பனியின் பதிலை எழுத்தில் வாங்கி வாகனக் கோவையில் போட்டு வையுங்கள்.