தோல் ஒட்டிப்போன சொல்

கேள்வி: எந்த மாற்றத்துக்கும் இடம் கொடுக்காதவர்களை ஆங்கிலத்தில் 'ஹைட்பவுண்ட்' என்கிறார்கள். தோல் அட்டை போட்ட பழைய சட்டப் புத்தகங்களை வைத்து வந்த சொல் என்கிறார் என் நண்பர். சரிதானா?

பதில்: இல்லை. 'பவுண்ட்' என்றதும் நண்பருக்கு பைண்டிங் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்தது மாட்டுத் தொழுவத்தில்.

'ஹைட்' என்றால் விலங்கின் தோல். 'பவுண்ட்' என்றால் கட்டுண்டது. வயிறாரத் தின்று வளர்ந்த மாட்டின் விலாப்பக்கம் தோலைப் பிடித்துப் பாருங்கள். மடிப்பாகக் கையோடு எழும்பி வரும், விட்டால் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகும். தீவனம் கிடைக்காமலோ நோய்வாய்ப்பட்டோ மாடு இளைத்தால், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கரைந்துவிடும். தோல் விலா எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பிடித்தால் பிடிக்குள் வராது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் இந்த நிலையைத்தான் 'ஹைட்பவுண்ட்' என்றார்கள். பிறகு, பட்டை இறுகி வளர முடியாமல் நிற்கும் மரத்துக்கும் அதையே சொன்னார்கள்.

மாட்டிலிருந்து மனிதனின் மனத்துக்கு அந்தச் சொல் சீக்கிரமே தாவிவிட்டது. 1643-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், முன்அனுமதி இல்லாமல் எந்த நூலையும் அச்சிடக் கூடாது என்று ஆணையிட்டது. கவிஞர் ஜான் மில்டன் கொதித்துப் போனார். 1644-இல் 'அரியோபஜிட்டிகா' என்ற சிறுநூலை, அனுமதி வாங்காமலேயே வெளியிட்டார். தன் புத்திக்கு எட்டாததையெல்லாம் அடித்துத் தள்ளும் தணிக்கை அதிகாரியின் மனப்போக்கைச் சுட்ட, அதில் அவர் எடுத்தாண்ட சொல் இதுதான்.

நம்மிடம் இதற்கு இணையாகப் 'பத்தாம்பசலி' இருக்கிறது. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு; ஜூலை 1-இல் தொடங்கும். இப்போது பசலி 1,430-ஐத் தாண்டிவிட்டது. பத்தாம் பசலியிலேயே நிற்பவர் எவ்வளவு பின்தங்கியவர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! நம் சொல் காலத்தைச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் பட்டினியைச் சொல்கிறது.

அதனால்தான் எனக்கு ஆங்கிலச் சொல்லின் மேல் தனி மதிப்பு. தோல் ஒட்டிய மாட்டை அடித்து யாரும் தேற்றியதில்லை. புல்லும் தவிடும் பிண்ணாக்கும் போட்டுத்தான் தேற்றுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த பிடிவாதக்காரர் யாராவது இருந்தால், அவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு நல்ல புத்தகத்தைக் கையில் கொடுங்கள், நாலு புது மனிதர்களிடம் அழைத்துப் போங்கள்.