உதகை மரவியல் பூங்காவில் கற்ற பாடம்

உதகை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை வானளாவிய தைல மரங்களே. ஆனால் அவை நீலகிரிக்குச் சொந்தமானவை அல்ல. தைல மரமும் சீகை மரமும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அப்படியானால் இம்மலைக்கே உரிய மரங்கள் எவை? அதை அறியவே உதகை மரவியல் பூங்காவுக்குச் சென்றோம்.

ஜான் சல்லிவன் 1820களில் அமைத்த ஏரிக்கு அருகே, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில், இப்பூங்கா 1992இல் தொடங்கப்பட்டது. பரப்பு 1.58 ஹெக்டேர், அதாவது நான்கு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. சிறுமியரும் முதியோரும் களைப்பின்றி நடந்து பார்த்துவிடலாம். இச்சிறு இடத்தில் ஏறத்தாழ 80 வகை மரங்கள் நடப்பட்டன.

காட்டுச் செண்பகம், காட்டு நாவல், தவிட்டுப்பழம் முதலியவை இங்குள்ள மண்ணின் மைந்தர்கள். போடோகார்ப்பஸ் என்னும் மரம் எங்களுக்குப் பெரும் வியப்பளித்தது. இது பைன் மரத்தின் உறவினம். ஆயினும் இலையோ ஊசிபோல் இல்லாமல் அகன்றிருக்கிறது! தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புமர வகை இதுதான்.

இத்தகைய மரங்கள் மலைப்பள்ளங்களில் அடர்ந்து வளர்ந்த காடே சோலை. அறிவியல் உலகம் நம் தமிழ்ச் சொல்லையே ‘ஷோலா’ என்று ஏற்றுக்கொண்டுள்ளது. சோலையின் தரையில் உதிர்ந்து மக்கிய இலைகள் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. இவ்வோடைகளே பவானிக்கும் மோயாற்றுக்கும் நீரூட்டுகின்றன. அவ்விரண்டும் பவானிசாகர் அணையில் கலந்து சமவெளி வயல்களை வாழ்விக்கின்றன.

அன்று நகரின் விறகுத் தேவைக்காகத் தைல மரத்தை நட்டனர். அது விரைந்து வளரும். ஆனால் நீரையும் மிகுதியாக உறிஞ்சும். நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் புல்வெளியில் தைல மரம் நட்டு ஆராய்ந்தபோது, முதல் பத்தாண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது.

“மீண்டும் சோலையை நட்டுவிடலாமே?” என்று கேட்கத் தோன்றும். அது எளிதன்று. சோலை மரங்களின் இளங்கன்றுகள் திறந்த வெளியில் உறைபனிக்குக் கருகிவிடும். பெரிய மரங்களின் நிழலில்தான் பிழைக்கும். தாய்மரங்கள் அழிந்தால் பிள்ளைகளுக்குப் புகலிடம் ஏது? சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும் தைல மரத்தோப்பு, பல நூற்றாண்டுகளில் உருவான சோலைக்கு ஈடாகுமா?

தோழியரே! உதகைக்குச் செல்லும்போது ஏரியில் படகு விடுவதோடு திரும்பிவிடாதீர்கள். அருகிலுள்ள இப்பூங்காவிலும் ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள். ஊர் திரும்பியதும் நம் தெருவிலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் மரங்களின் பெயர்களைக் கேட்டறிவோம். அவற்றுள் நம் மண்ணுக்குரியவை எவை எனக் குறித்து வைப்போம். பெயர் தெரியாத மரம் வெட்டப்படும்போது, அதற்காகப் பேச எவரும் முன்வருவதில்லை.