ஒட்டுவில்லைக்குச் சலுகை உண்டா?

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் செல்லும் சாலையில் மாலை நேர நெரிசலில் வாகனங்கள் ஊர்ந்து செல்கின்றன. முன்னே நிற்கும் மகிழுந்தின் பின்கண்ணாடி ஒரு சிறிய அறிவிப்புப் பலகையைப் போலக் காட்சியளிக்கிறது. ஒன்றில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். மற்றொன்றில் ஜொகூர் டாருல் தாக்சிம் காற்பந்து அணியின் சின்னம் இருக்கும். வேறொன்றில் ‘குழந்தை பயணம் செய்கிறது’ என்னும் வேண்டுகோள் இருக்கும். சில வாகனங்களில் மட்டும் காவல்படையின் நண்பர் அல்லது ஆதரவாளர் என்பதைத் தெரிவிக்கும் ஒட்டுவில்லை காணப்படும்.

மற்ற ஒட்டுவில்லைகளைப் பார்த்து எவரும் கேள்வி கேட்பதில்லை. இதைப் பார்க்கும்போது மட்டும் பலருடைய மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. சாலைத் தடுப்பில் காவலர் வாகனத்தை நிறுத்தும்போது இந்த ஒட்டுவில்லை உதவுமா? அபராதம் எச்சரிக்கையாகக் குறையுமா? சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி, சட்டத்தின் முன் அனைவரும் சமமா என்னும் பெரிய கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

ஒட்டுவில்லை எப்படி வந்தது?

காவலர்களால் மட்டும் ஒரு நாட்டின் பாதுகாப்பைக் காத்துவிட இயலாது. குடியிருப்புப் பகுதியில் நடமாடும் ஐயத்திற்குரிய ஆளை முதலில் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். எனவே, உலகின் பல நாடுகளில் காவல்துறை பொதுமக்களின் ஒத்துழைப்பை நாடுகிறது. அரச மலேசியக் காவல்படையும் அவ்வாறே செய்து வருகிறது. 2005ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ‘ராக்கான் கோப்’ திட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொதுமக்கள் தாங்கள் காணும் குற்றச் செயல்களைப் பற்றிக் காவல்துறைக்கு விரைந்து தகவல் தருவதே அத்திட்டத்தின் நோக்கம்.

இத்தகைய முயற்சிகளுக்கு ஆதரவு தெரிவித்து ஒட்டுவில்லை ஒட்டுவது தவறன்று. ஒருவர் தம் நன்றியையும் மதிப்பையும் அவ்வாறு காட்டலாம். ஆனால், நன்றியைக் காட்ட ஒட்டிய வில்லை, சலுகையைக் கேட்கும் சீட்டாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மாற்றத்துக்கு ஓட்டுநர் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. பின்கண்ணாடியே அவருக்காகப் பேசிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைக் காவலர்களுக்கு 1967ஆம் ஆண்டு காவல் சட்டம் அளிக்கிறது. வேகக் கட்டுப்பாட்டை மீறுதல், சிவப்பு விளக்கைக் கடத்தல் முதலிய குற்றங்களை 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் விவரிக்கிறது. இவ்விரு சட்டங்களிலும் ஒட்டுவில்லைக்கு எந்தச் சலுகையும் இல்லை. அனைவருக்கும் மேலான கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று உறுதியளிக்கிறது.

அப்படியிருக்க, ஒட்டுவில்லை எவ்வாறு நுழைய முடியும்? சட்டத்தைச் செயல்படுத்துபவர் மனிதர் என்பதே இதற்கு விடை. சாலையோரத்தில் நிற்கும் காவலர் ஒவ்வொரு நாளும் பல முடிவுகளை எடுக்கிறார். எந்த வாகனத்தை நிறுத்துவது, யாருக்கு அறிவுரை கூறி அனுப்புவது, யாருக்கு அபராதம் எழுதுவது என்பன அவற்றுள் சில. இதைத் தன்விருப்புரிமை என்பர். இவ்வுரிமை தேவையான ஒன்றே. நிறைமாதக் கர்ப்பிணியை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்பவரையும் பொழுதுபோக்குக்காகப் பந்தயம் ஓட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால், காவலர் எடைபோட வேண்டியது செயலையும் சூழலையும்தான். ஓட்டுநர் யாருக்கு வேண்டியவர் என்பதை எடைபோடத் தொடங்கினால் துலாக்கோல் சாய்ந்துவிடும்.

அனுபவம் சான்றாகுமா?

“என் வண்டியில் வில்லையைப் பார்த்ததும் காவலர் விட்டுவிட்டார்” என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும், அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது. அந்தக் காவலர் அன்று எல்லாரையும் எச்சரித்தே அனுப்பியிருக்கலாம். ஓட்டுநர் பணிவாகப் பேசியதால் விட்டிருக்கலாம். செய்த குற்றம் மிகச் சிறியதாக இருந்திருக்கலாம். மேலும், வில்லை இருந்தும் அபராதம் பெற்றவர் அதைப் பெருமையாகச் சொல்லித் திரியமாட்டார். தப்பியவர்களின் கதையே காதில் விழும். தப்பாதவர்களின் கதை விழாது. எனவே, ஒட்டுவில்லையின் விளைவை அறிய வேண்டுமானால் முறையாக ஆராய வேண்டும்.

அத்தகைய ஓர் ஆய்வு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்றது. அதன் முடிவு 1971ஆம் ஆண்டு வெளியானது. ஹியூசன்ஸ்டாம் என்னும் கல்லூரி விரிவுரையாளர் 15 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஐவர் கறுப்பினத்தவர், ஐவர் வெள்ளையர், ஐவர் மெக்சிக்கோ வம்சாவளியினர். முந்தைய 12 மாதங்களில் அவர்களுள் எவரும் போக்குவரத்துக் குற்றம் புரிந்ததில்லை. ஆய்வுக் காலத்திலும் கவனமாக ஓட்டுவதாக அவர்கள் உறுதியளித்தனர். பிறகு, அவர்களுடைய வாகனங்களில் ‘கறுஞ்சிறுத்தைகள்’ கட்சியின் ஒட்டுவில்லைகள் ஒட்டப்பட்டன. அக்காலத்தில் அக்கட்சிக்கும் காவல்துறைக்கும் கடும் பகை நிலவியது.

இரண்டு மணி நேரம் முடிவதற்குள் ஒரு மாணவருக்கு முதல் அபராதம் விழுந்தது. 17 நாள்களில் மொத்தம் 33 அபராதங்கள் குவிந்தன. அபராதம் கட்டுவதற்காக ஒதுக்கப்பட்டிருந்த 500 டாலர் தீர்ந்துபோனதால் ஆய்வு நிறுத்தப்பட்டது. அவர்கள் ஓட்டிய விதம் மாறவில்லை என்றால், மாறியது வாகனத்தின் பின்புறம் மட்டுமே.

இந்த ஆய்விலும் குறைகள் உண்டு. வில்லை ஒட்டாத மாணவர் குழு ஒன்று ஒப்பீட்டுக்காக அமைக்கப்படவில்லை. ஆய்வில் பங்கெடுக்கிறோம் என்பதை அறிந்திருந்ததால் மாணவர்களின் நடத்தையும் ஓரளவு மாறியிருக்கலாம். என்றாலும், காவலரின் கண் வாகனத்தின் சின்னத்தைக் கவனிக்கிறது என்பதை அது வலுவாக உணர்த்தியது. வெறுக்கும் சின்னம் தண்டனையைக் கூட்டுமானால், விரும்பும் சின்னம் தண்டனையைக் குறைக்கும் என்று எண்ண இடமுண்டு.

நியூயார்க்கும் சென்னையும்

விரும்பும் சின்னத்தின் ஆற்றலை நியூயார்க் நகரில் காணலாம். அங்குள்ள காவலர் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு ‘மரியாதை அட்டை’களை வழங்குகின்றன. உறுப்பினர்கள் அவற்றை உறவினருக்கும் நண்பருக்கும் கொடுப்பார்கள். சிறிய போக்குவரத்துக் குற்றத்திற்காக நிறுத்தப்படும்போது அட்டையைக் காட்டினால், எச்சரிக்கையோடு விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு போக்குவரத்துக் காவலர் இவ்வழக்கத்திற்கு உடன்படவில்லை. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அபராதம் எழுதியதால் தாம் பழிவாங்கப்பட்டதாக 2023ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். 2024ஆம் ஆண்டு 175,000 டாலருக்கு அவ்வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது. இந்நிகழ்வு ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. சலுகை வழக்கமாகிவிட்ட இடத்தில், தவறு செய்தவர் தலைநிமிர்ந்து செல்கிறார். கடமையைச் செய்தவர் வழக்காட வேண்டியிருக்கிறது.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் காவல்துறை இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. தனியார் வாகனங்களில் காவல்துறை, பத்திரிகை, வழக்கறிஞர் முதலிய பெயர்களையும் சின்னங்களையும் ஒட்டக் கூடாது என்று அது அறிவித்தது. 2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முதல் மீறுவோர்மீது நடவடிக்கை தொடங்கியது. சிலர் இத்தகைய ஒட்டுவில்லைகளைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறார்கள் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஒட்டுவில்லையைப் பார்த்து வாகனத்தைச் சோதிக்காமல் விடும் பழக்கம் ஏற்பட்டால், அதை முதலில் பயன்படுத்திக்கொள்பவன் குற்றவாளியாகத்தான் இருப்பான். ஒட்டுவில்லையை எவரும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு நேர்மைச் சான்றிதழ் தேவையில்லை.

யாருக்கு இழப்பு?

ஒருவரை விட்டுவிடுவதால் மற்றவருக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கலாம். விடியற்காலையில் ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுடைய வண்டியில் செல்வாக்கைக் காட்டும் எந்தச் சின்னமும் இராது. அதே குற்றத்திற்கு ஒருவருக்கு 300 ரிங்கிட் அபராதமும் மற்றொருவருக்குப் புன்னகையும் கிடைத்தால், அந்த அபராதம் குற்றத்திற்கான தண்டனையாக இராது. அறிமுகம் இல்லாமைக்கான தண்டனையாகிவிடும்.

நேர்மையான காவலரும் இதனால் இழப்புக்குள்ளாகிறார். ஒட்டுவில்லை உள்ள வாகனத்தை நியாயமான காரணத்திற்காக அவர் விட்டாலும், பார்ப்பவர்கள் ஐயப்படுவார்கள். நியாயமாக அபராதம் எழுதினாலோ, ஓட்டுநர் மனத்தாங்கல் கொள்வார். ஒரு துண்டு ஒட்டுத்தாள் அவருடைய ஒவ்வொரு முடிவின்மீதும் கறையைப் படியச் செய்கிறது.

சாலைப் பாதுகாப்பும் குறைகிறது. தான் பிடிபட மாட்டேன் என்று நம்புபவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். சாலையைக் கடக்கும் மாணவனுக்கு, தன்னை நோக்கி விரைந்து வரும் வாகனத்தில் என்ன ஒட்டப்பட்டுள்ளது என்பது பொருட்டன்று.

சமன் செய்யும் வழிகள்

2012ஆம் ஆண்டு மலேசியாவில் தானியக்க அமலாக்க முறை அறிமுகப்படுத்தப்பட்டது. வேகமாகச் செல்வோரையும் சிவப்பு விளக்கை மீறுவோரையும் படக்கருவி பதிவு செய்கிறது. அக்கருவி வாகனத்தின் எண்ணைப் படிக்கும். வில்லையைப் படித்து மனம் இளகாது. ஒட்டுவில்லையின் விளைவை அளப்பதற்கும் இக்கருவி வழிகாட்டுகிறது. ஒரே வகைக் குற்றத்திற்குப் படக்கருவி அளித்த அபராதங்களையும் காவலர் நேரில் எழுதிய அபராதங்களையும் ஒப்பிடலாம். ஒட்டுவில்லை உள்ள வாகனங்களின் பங்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சலுகை இல்லை எனலாம். முதலாவதில் அதிகமாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால் எங்கோ கண்கள் மூடப்படுகின்றன என்று பொருள்.

எனினும், எல்லாவற்றையும் கருவியிடம் ஒப்படைக்க முடியாது. மனிதர் எடுக்கும் முடிவுகளைக் கண்காணிக்க மனிதர் அமைத்த நிறுவனங்கள் வேண்டும். 2004ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், காவல்படையை மேம்படுத்த 125 பரிந்துரைகளை மறு ஆண்டு முன்வைத்தது. காவலரின் நடத்தை குறித்த புகார்களை விசாரிக்கும் சுதந்திரக் காவல் நடத்தை ஆணையம் 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் செயல்படத் தொடங்கியது. கையூட்டுப் புகார்களை மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கிறது. கையூட்டு வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் குற்றமே.

வாகனமோட்டிகளுக்கும் கடமை உண்டு. காவலர் நிறுத்தினால் பாதுகாப்பாக நிறுத்தி, உரிமத்தைக் காட்ட வேண்டும். எக்குற்றத்திற்காக நிறுத்தப்பட்டோம் என்று பணிவோடு கேட்கலாம். அபராதம் தரப்பட்டால் அதைப் பெற்றுக்கொண்டு முறையாகக் கட்டலாம். உடன்பாடில்லையெனில் நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடலாம். இவை அனைத்தும் எவருக்கும் உரியவை. இவற்றைப் பெற எந்த ஒட்டுவில்லையும் தேவையில்லை.

தேர்க்காலும் மணியும்

தமிழர் மரபில் இக்கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. திருவாரூரில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் சிக்கி ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு அரண்மனையின் ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் மனுநீதிச் சோழன் தன் மகனென்றும் பாராமல் அவனைத் தேர்க்காலில் இட்டான் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தக் கடுந்தண்டனையை இன்று எவரும் விரும்பமாட்டார். ஆனால், அக்கதை நெடுங்காலமாக நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நாட்டிலேயே உயர்ந்த அடையாளத்தைத் தாங்கிய வாகனம் அந்தத் தேர். மன்னன் அடையாளத்தைப் பார்க்கவில்லை, நிகழ்ந்ததைப் பார்த்தான். பேச வாயில்லாத பசுவும் அசைக்கக்கூடிய உயரத்தில் அந்த மணி தொங்கியது.

ஒட்டுவில்லை காவலரின் முடிவை மாற்றக்கூடும் என்பதை உலக அனுபவம் காட்டுகிறது. மாற்றக் கூடாது என்பதைச் சட்டம் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பது காவலர், ஓட்டுநர், கண்காணிக்கும் நிறுவனங்கள் ஆகிய மூவரின் பொறுப்பாகும். காவல்படைக்கு ஆதரவு தர விரும்புபவர் அதன் சின்னத்தைத் தாராளமாக ஒட்டிக்கொள்ளலாம். ஆனால், வேக வரம்பை மதித்து ஓட்டுவதே அதைவிடச் சிறந்த ஆதரவு.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. காவலருக்குத் தன்விருப்புரிமை ஏன் தேவைப்படுகிறது? அது எப்போது தவறாகிறது?

2. ‘தப்பியவர்களின் கதையே காதில் விழும், தப்பாதவர்களின் கதை விழாது.’ இக்கூற்றை வேறொரு சூழலைக் கொண்டு விளக்குக.

3. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வின் குறைகளை நீக்க அதனை எவ்வாறு மாற்றியமைக்கலாம்?

4. சென்னையில் செய்தது போல ஒட்டுவில்லைகளுக்குத் தடை விதிப்பது சரியான தீர்வா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.