வாவிக்கரைக்கு எந்த மேப்?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்றால் எதிரே மேற்குக் கரையான படுவான்கரை தெரியும். போய்ச் சேர்வதற்குப் பாலம் வேண்டும், பாலம் இல்லாத இடத்தில் படகு வேண்டும். இந்த ஊரில் எந்த மேப் நல்லது என்று கேட்டால் கிடைக்கும் பதில்களில் பாதி செவிவழி வந்தவை.

நம்பிக்கை 1: எல்லா மேப்பும் ஒன்றுதான்.
உண்மை: திரை ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே இருக்கும் தரவு வேறு. கூகுளின் தரவு கூகுளுக்குச் சொந்தம். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைவது. ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மண்ட் ஆகிய செயலிகள் இரண்டும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. அவை இரண்டும் ஒரே வழியைக் காட்டுவதால் வழி சரி என்று முடிவுகட்டுவது, ஒரே சாட்சியை இரண்டு தரம் கூண்டில் ஏற்றுவது போல.

நம்பிக்கை 2: தன்னார்வலர் மேப் அரைகுறை.
உண்மை: மறுப்பதற்கு மட்டக்களப்பே போதும். 2012 கடைசியில் இடர் முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து மண்முனை வடக்குப் பிரிவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலையைத் தொடங்கின. சுமார் 30,000 கட்டடங்கள் பதிவாயின. வீடா கடையா, எத்தனை மாடி, எதனால் கட்டியது என்ற விவரங்களும் சேர்ந்தன. 2004 சுனாமியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட ஊரில், எந்த ஒழுங்கையில் எத்தனை மண்வீடு என்று தெரிந்தால்தான் யாரை முதலில் வெளியேற்றுவது என்று தீர்மானிக்கலாம். ஆனால் கடை திறந்திருக்கிறதா, வீதியில் நெரிசலா என்று பார்ப்பதற்குக் கூகுள்தான் வசதி. அந்த 30,000க்குப் பிறகு எழும்பிய வீடுகளையும் யாராவது வரைந்தால்தான் உண்டு.

நம்பிக்கை 3: டேட்டா தீர்ந்தால் மேப்பும் தீர்ந்தது.
உண்மை: போனில் இருக்கும் ஜிபிஎஸ், சுமார் 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளிடமிருந்து நேரே சிக்னல் வாங்குகிறது. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. படம்தான் முன்கூட்டியே போனில் இருக்க வேண்டும். கூகுளில் தேவையான பகுதியை இறக்கி வைக்கலாம், ஆனால் இணைப்பு இல்லாதபோது அது வாகன வழியை மட்டுமே சொல்லும். நடந்தோ சைக்கிளிலோ போகிறவருக்கு அப்போதும் வழி சொல்வது ஓர்கானிக் மேப்ஸ். படுவான்கரையில் வயல்வழியே போகிறவர்கள் அதையும் வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 4: செய்மதிப் படம் இன்றைய நிலவரம்.
உண்மை: அது மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் பழையது. பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்தையே பாருங்கள். மாரி வெள்ளத்தில் அது திறக்கும், கோடையில் மணல் வந்து மூடும். திறந்த காலத்தில் எடுத்த படத்தில் வாவி கடலோடு கலக்கும், மூடிய காலத்தில் எடுத்த படத்தில் அதே இடம் வெறும் மணல்திட்டு. இரண்டும் உண்மையான படங்கள்தான். மீனுக்குப் போகிறவர் எதையும் நம்பி வள்ளத்தைத் தள்ளக் கூடாது.

நம்பிக்கை 5: கிட்டிய வழி காட்டுவதே கெட்டிக்கார மேப்.
உண்மை: வாவிக்கரையில் கிட்டிய வழி படகை நம்பியதாக இருக்கலாம். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது, அதுவரை அங்கே படகுப் பாதைதான். அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலும் நெடுங்காலம் ஆட்களைக் கரைசேர்த்ததும் அத்தகைய பாதைகளே. மேப்பில் அது தண்ணீருக்குக் குறுக்கே ஒரு கோடு. காற்று எழும்பிப் பாதை நின்றுவிட்டதா, இரவுக்கு ஓடுமா என்பது கோட்டுக்குத் தெரியாது. புறப்படுமுன் துறையில் உள்ளவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றுவதாயிருந்தால் எவ்வளவு நேரம் என்பதையும் பார்த்து வையுங்கள்.

நம்பிக்கை 6: பிழை திருத்துவது கம்பனியின் வேலை.
உண்மை: கூகுளில் யாரும் திருத்தம் அனுப்பலாம், ஏற்பதா விடுவதா என்று கூகுள் முடிவெடுக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் திறந்து நீங்களே மாற்றலாம், ஊர்ப்பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம். கொழும்பிலிருந்து வரும் சாரதிக்கு உங்கள் ஒழுங்கை தெரிய வேண்டுமென்றால் இரண்டிலும் போடுங்கள். பத்து நிமிட வேலைதான்.