தொண்டைக்கு ஒரு ஏற்பாடு

ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் "உங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, தியானம், நடைப்பயிற்சி, பிடித்த பாட்டு என்று பட்டியல் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை பேசியே பிழைக்கிறவர்களுக்கு முதலில் கவனிப்பு வேண்டியது தொண்டைக்குத்தான். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள் நான். தியானத்தை யாராவது பிறகு சொல்லிக்கொடுக்கட்டும்.

ஜூனில் பள்ளி திறந்தால் ஆடி முடிவதற்குள் எனக்குக் குரல் கம்மிவிடும். ஒரு வருடம் அது சரியாகவே இல்லை. மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்து, குரல்நாண்களில் சின்ன முடிச்சு என்றார். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று தட்டுகின்றன. கத்தினால் அடி இன்னும் பலமாக விழும். பாடகர்களுக்கும் இதே தொல்லை வருமாம். அறுவை சிகிச்சையோ என்று பயந்தேன். பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் அனுப்பினார்.

அங்கே கேட்டதில் பாதி எனக்குப் புதுசு. குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசுவோமே, அது ஓய்வு இல்லை. பலருக்குத் தொண்டை அதில் இன்னும் இறுகும். அடிக்கடி செருமுவதும் கெடுதல், அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். வகுப்பில் இப்போது நான் கத்துவதில்லை. கையைத் தாளமாகத் தட்டுவேன், பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டுவார்கள், சத்தம் அடங்கிவிடும். கரும்பலகையில் எழுதும்போது பேசுவதில்லை. பாடத்தை வாசிப்பது அவர்கள் வேலை. கடைசி பெஞ்சுக்காரர்களுக்குத்தான் அதில் அதிக ஆசை! சாக்பீஸ் தூள் பறக்காமலிருக்க டஸ்டருக்குப் பதில் ஈரத்துணி.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். பெண் ஆசிரியர்கள் பலர் பள்ளியில் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும், சத்தமாகச் சொல்ல மாட்டோம். கழிவறைத் தாழ்ப்பாள் விழாது, வாளி இருக்காது, வகுப்பை விட்டுப் போகவும் முடியாது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை விழுங்குகிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே உண்டு. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் எழுப்பினோம். தாழ்ப்பாள் வந்தது. பக்கத்து வகுப்பு அக்காவும் நானும் ஒரு உடன்பாடு வைத்திருக்கிறோம்: அவர் போனால் இரண்டு வகுப்பையும் நான் பார்ப்பேன், நான் போனால் அவர். தன்னைக் கவனித்துக்கொள்வதை ஏன் தனியாள் வேலையாகவே பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வீட்டில், டீ குடித்து முடிக்கும்வரை என்னிடம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. மகன் முதலில் முறைத்தான், இப்போது அவனே டிவி சத்தத்தையும் குறைக்கிறான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு இரவில் எழுத்தில் மட்டும் பதில்.

கம்மல் மூன்று வாரம் தாண்டினால் கைவைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். விடுப்பு வேண்டியிருந்தால் மருத்துவச் சான்றிதழை அன்றைக்கே கையோடு வாங்கிவிடுங்கள். அப்புறம் அதற்கு வேறு அலைய வேண்டியிருக்கும்.