தோப்பு மோட்டாருக்கு ரேடியோ மோடம்

கேள்வி: தென்னந்தோப்பு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ரேடியோ மோடம் வைத்து மோட்டாரை இயக்க உரிமம் வாங்க வேண்டுமா?

பதில்: அது அலைவரிசையைப் பொறுத்தது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-லேயே உரிமத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். 2021-ல் அது 868 வரை நீண்டது. அனுப்பும் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. உரிமம் வேண்டாம் என்றாலும், கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. சான்று அவசியம். கடைக்காரரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 915 மெகாஹெர்ட்ஸ் மோடத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது அமெரிக்காவுக்கானது, இங்கே அதை ஒட்டிய அலைகளில் செல்போன்கள் பேசுகின்றன.

பொருத்துவதில் ஆன்டெனாதான் உயிர். மழையில் நனைந்த தென்னை மட்டைகள் அலையை விழுங்கிவிடும். முடிந்தவரை ஓலைக்கு மேலே உயர்த்துங்கள். இரண்டு முனையிலும் செங்குத்தாக நிற்கட்டும். கேபிள் குட்டையாக இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையுமுன் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு எர்த் கட்டாயம். ஆன்டெனா மாட்டாமல் மோடத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், அனுப்பும் பகுதி கருகிவிடலாம். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள்.